ஊசிப் போகாத சாதம்

அடி அண்ணாமலை
20.6.1999

அன்புள்ள ஜோதி அக்காவுக்கு,

எழில் வணக்கத்தோடு எழுதுவது. பெங்களூர் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தீர்களா? மகள் சம்பூர்ணத்துக்கு வலி எடுத்துவிட்டதா, இன்னும் நாள் இருக்கிறதா? தலைப்பிரசவம் என்றாலும் நீங்கள் பக்கத்தில் இருந்தால் அவளுக்குப் பாதி வலி குறைந்துவிடும். இங்கே எல்லோரும் சுகமாக இருக்கிறோம். அப்பா மட்டும் என்னோடு பேசுவதில்லை. "பொம்பளப் புள்ள கலெக்டர் ஆபீசு படி ஏறி மனு குடுத்துட்டு வந்திருக்கா" என்று டீக்கடையில் எல்லோரிடமும் சொல்கிறாராம். அது பெருமையா கோபமா என்று எனக்கே தெரியவில்லை.

மனு லேபர் ஆபீசுக்கு வந்துவிட்டது. போன வியாழக்கிழமை முதல் விசாரணை நடந்தது. அதிகாரி பதமாகத்தான் பேசினார். "பயப்படாம ஆரம்பத்துல இருந்து சொல்லும்மா" என்றார். சொன்னேன். இரண்டு வருடமாக லாட்ஜ் ரிசப்ஷனில் உட்கார்ந்து சாவி கொடுத்தேன், பில் போட்டேன், அதையெல்லாம் வாங்கும்போது யாருக்கும் என் கையில் தீட்டு தெரியவில்லை. பௌர்ணமி வந்து வாசலில் அன்னதானம் போடும்போது மட்டும் தெரிந்துவிடும். மற்ற பெண்கள் எல்லோரும் பரிமாற, நான் ஒருத்தி எச்சில் இலை எடுக்க வேண்டும். நான் காலனிக்காரி என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை என்றேன்.

சித்ரா பௌர்ணமிக் கதையையும் சொன்னேன். அண்டாப் பக்கம் நின்று சாதம் போடுகிற தருமன் அன்று வரவில்லை. வரிசை தெருமுனையைத் தாண்டிவிட்டது. சமைத்த கையோடு நீங்களே போட்டுக்கொண்டிருந்தீர்கள். என்னைக் கூப்பிட்டு, "எழிலு, இந்தக் கரண்டியைப் புடி" என்றீர்கள். நான் சாம்பார் சாதம் போட ஆரம்பித்துக் கொஞ்ச நேரம்தான் இருக்கும், முதலாளி வந்துவிட்டார். சனம் இலையை ஏந்திக்கொண்டு நிற்கும்போதே அண்டாவைப் பின்கட்டுக்குத் தூக்கிப் போகச் சொல்லிக் குழியில் கொட்டவைத்தார். "நாளையில இருந்து நீ வர வேணாம்" என்றார். இதைச் சொல்லும்போது அழக் கூடாது என்று வைராக்கியமாகப் போயிருந்தேன் அக்கா. வேலை போனதைச் சொன்னபோது அழவில்லை. அண்டாவைக் கொட்டியதைச் சொல்லும்போது அழுதுவிட்டேன்.

முதலாளி ராஜமாணிக்கம் வரவில்லை. மேனேஜர் சகாதேவன்தான் வந்திருந்தார். சாதம் ஊசிப் போயிருந்தது, அதனால்தான் கொட்டினோம் என்று கூசாமல் சொன்னார். அதிகாரி உடனே, நீங்கள் ஊருக்குப் போகுமுன் எழுதிக் கொடுத்த சாட்சியத்தை எடுத்து உரக்கப் படித்தார். 'சாதத்தை இறக்கி வைத்து ரொம்ப நேரம் ஆகவில்லை. நான் வாயில் போட்டுப் பார்த்தேன், நன்றாக இருந்தது. அந்தப் பெண்ணின் கை பட்டதுதான் காரணம்.' சகாதேவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்! புளி கரைத்துக் குடித்தவர் மாதிரி ஆகிவிட்டார்.

அன்று சூடு சாதம் பட்டு மணிக்கட்டில் வந்த கொப்புளம் ஆறிவிட்டது. பட்டாணி அளவுக்குக் கறுப்பாக ஒரு தழும்பு நின்றுவிட்டது. நீங்கள் தேங்காயெண்ணெய் தடவிவிட்டது நினைவிருக்கிறதா?

குழந்தை பிறந்ததும் உடனே எழுதுங்கள்.

உங்கள் அன்புத் தங்கை,
எழில்


பெங்களூர்
4.7.1999

எழிலுக்கு ஜோதி அக்கா எழுதிக்கிறது. எனக்கு எட்டாங்கிளாசு வரைக்கும்தான் படிப்பு, பேசற மாதிரிதான் எழுத வரும், சிரிக்காதே.

பொண்ணு பொறந்திருக்கு! சம்பூர்ணம் ரொம்பப் பாடுபட்டுட்டா, இப்ப ரெண்டு பேரும் நல்லாருக்காங்க. கொழந்தை அப்படியே மாமியார் மூக்கு. சொன்னா கோச்சிக்குவாங்கன்னு சம்பூர்ணம் மூக்குன்னே சொல்லிக்கினு இருக்கேன். இந்த ஊர்ல காலையில போர்வையை விட்டுக் கையை எடுக்க முடியல. தண்ணி ஒரு மணி நேரம்தான் வருது. சாம்பார்ல வெல்லம் போடறாங்கடி, வாயில வைக்க முடியல. பத்தியச் சமையல்னு சொல்லி அடுப்பை நான் புடிச்சிக்கினேன்.

ஊசிப் போச்சாமா? என் சாதமா? அந்த சகாதேவன் நாக்குல என்னா இருக்குது? முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்ச கதை கேட்டிருக்கேன், இவனுங்க ஒரு அண்டா சோத்தையே மறைக்கப் பாக்கறானுங்க. கல்யாணம், காதுகுத்து, கருமாதின்னு எத்தினி பந்திக்கு ஆக்கிப் போட்டிருக்கேன், ஒருத்தர் மூஞ்சி சுளிச்சதில்ல. எனக்கு நெலம் இல்ல, பட்டா இல்ல. கைமணம் ஒண்ணுதான் சொத்து. அதுல வந்து கை வைக்கிறானா?

உனக்கு ஒண்ணு சொல்லணும். நான் கெளம்பறதுக்கு முந்தின நாளு லாட்ஜ்ல இருந்து ஆளு வந்துச்சு. எழுதிக் குடுத்ததை வாபஸ் வாங்கு, சம்பளம் ஜாஸ்தி பண்றோம்னாங்க. போய்யான்னு சொல்லிட்டேன், அப்ப நீயும் இனிமே அடுப்படிக்கு வராதேன்னுட்டுப் போனாங்க. உனக்காக மட்டும்னு நெனைச்சிக்காதே. அன்னைக்கு வரிசையில ஒரு கெழவி காலி இலையை ஏந்திக்கினே நின்னுச்சே, அது மூஞ்சி எனக்குக் கண்ணுலயே நிக்குது. நான் சொன்னதுல ஒரு எழுத்து மாத்த மாட்டேன். நீயும் பின்வாங்கிடாதே.

அப்பாவை நெனைச்சிக் கவலைப்படாதே. ஊர் வாயை மூட உலைமூடி கெடையாது. டீக்கடையில நாலு பேரு கேக்கறாங்க, அவரும் பாவம் என்னா பண்ணுவாரு.

ஜோதி


அடி அண்ணாமலை
30.7.1999

அன்புள்ள அக்காவுக்கு,

பேத்தி பிறந்த செய்தி படித்ததும் அம்மா அந்த நேரத்திலேயே சர்க்கரை வாங்கி வரச் சொல்லித் தெருவில் நாலு பேருக்குக் கொடுத்தாள். என்ன பேர் வைக்கப் போகிறீர்கள்?

நேற்று முன்தினம் ஆடிப் பௌர்ணமி. வாசலில் நின்று கிரிவலம் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வீட்டில் உட்கார்ந்திருப்பது எனக்குப் பழக்கமில்லை அக்கா. விசாரணை இரண்டு தடவை தள்ளிப் போய்விட்டது. ஒவ்வொரு தடவையும் நல்ல புடவை கட்டிக்கொண்டு, ஆட்டோவுக்குக் காத்திருந்து, அங்கே பெஞ்சில் உட்கார்ந்து, மத்தியானம் திரும்பி வருகிறேன். தெருவில் "என்னா எழிலு, கேசு ஜெயிச்சிதா?" என்று கேட்கிறார்கள். போலீசுக்குப் போகாமல் லேபர் ஆபீசுக்குப் போனது தப்பு என்று ஒருத்தர், எங்கேயுமே போயிருக்கக் கூடாது என்று இன்னொருத்தர். இரண்டு பேருமே எங்கள் சொந்தக்காரர்கள்தான்.

தம்பிக்கு பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்துவிட்டது. சந்தோஷமான விஷயம்தான். அப்பா இப்போது பேசுகிறார். பேசியது ஒரே ஒரு வார்த்தை. "வேலை இருந்திருந்தா பீசை நீயே கட்டியிருப்பே."

சகாதேவன் போன வாரம் வீட்டுக்கே வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, அம்மா கொடுத்த தண்ணீரையும் குடித்தார். லாட்ஜில் அதே மேனேஜர் இரண்டு வருடத்தில் ஒரு நாளும் என் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்ததில்லை. "மொதலாளிக்கு உம்மேல கோவம் ஒண்ணும் இல்லம்மா. மறுபடியும் ரிசப்ஷன்லயே உக்காரு. உக்காந்து பேசிக்கலாம்" என்றார். காலி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். நீங்கள் இங்கே இருந்திருந்தால் நேராக உங்கள் வீட்டுக்கு வந்திருப்பேன்.

எப்போது வருவீர்கள்?

எழில்


அடி அண்ணாமலை
22.8.1999

அன்பு அக்காவுக்கு,

நல்ல செய்தி. கேஸ் முடிந்துவிட்டது. சமரசம் ஆகிவிட்டது. அதே ரிசப்ஷன், அதே நாற்காலி. வேலையில்லாமல் நிறுத்தி வைத்த மாதங்களுக்கும் சம்பளம் கொடுத்துவிட்டார்கள். தம்பியைச் சேர்த்தாகிவிட்டது. முந்தாநாள் போய் உட்கார்ந்தபோது மற்ற பெண்கள் பூ வாங்கி வந்து வைத்துவிட்டார்கள். இன்னொன்று கேளுங்கள்: இனிமேல் நான் இலை எடுக்க வேண்டியதில்லை! பௌர்ணமிக்குப் பௌர்ணமி எனக்குச் சம்பளத்தோடு லீவு. எழுத்திலேயே வாங்கிவிட்டேன். வருகிற வியாழக்கிழமை பௌர்ணமிக்கே நான் வீட்டில்தான் இருப்பேன். அம்மாவோடு கிரிவலம் போகலாம் என்றிருக்கிறேன்.

உங்களைத் திரும்ப எடுப்பது பற்றியும் பேச்சு வந்தது. முதலாளி பார்க்கலாம் என்றிருக்கிறார். நீங்கள் வந்ததும் பேசிக்கொள்ளலாம். சமரசம் என்றால் இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் விட்டுக்கொடுக்கத்தானே வேண்டியிருக்கிறது. ஆபீஸ் பாஷையில் என்னென்னவோ எழுதுகிறார்கள், அதையெல்லாம் யார் எடுத்துப் படிக்கப் போகிறார்கள்?

குழந்தைக்கு ஒரு கவுன் துணி எடுத்து வைத்திருக்கிறேன். மஞ்சளில் வெள்ளைப் பூ. பெங்களூரில் நல்ல டெய்லர் இருப்பார்களா, இங்கேயே தைத்துவிடட்டுமா? அளவு மட்டும் எழுதுங்கள். சம்பூர்ணம் சாப்பிடுகிறாளா? பூண்டு சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். எங்கள் ஊரில் மழை இல்லை. ஏரியில் மாடு இறங்குகிற அளவுக்குத்தான் தண்ணீர்.

உங்களுக்கு நான் எவ்வளவு கடமைப்பட்டவள் என்று எழுத்தில் எழுத வரவில்லை.

தங்கை எழில்


பெங்களூர்
3.9.1999

எழிலுக்கு,

சந்தோசம். வேலை கெடைச்சிதேன்னு சம்பூர்ணமும் சந்தோசப்பட்டா. கவுனை இங்க அனுப்பாதே, நான் இன்னும் நாலு நாள்ல ஊருக்கு வந்துடுவேன், கீழ்பென்னாத்தூர் வீட்டுக்கே வந்து குடு. கொழந்தைக்கு எழிலரசின்னு வைக்கலாமான்னு நான் கேட்டேன். மாமியார் ஒத்துக்கல. அவங்க கொலதெய்வம் பேரு வச்சிட்டாங்க.

பௌர்ணமிக்கு லீவு குடுத்தானா, ஒதுக்கி வச்சானாடி? முன்ன இலையாவது எடுத்துக்கினு அங்க நின்னே. இப்ப வாசலுக்கே வராதேன்னு சம்பளம் குடுக்கறான். நீ சிரிச்சிக்கினே எழுதியிருக்கே. சரி, உனக்கு என்னா கஷ்டமோ.

ஒண்ணு மட்டும் நீ எழுதல. அண்டாவைக் கொட்டினதுக்கு என்னா காரணம்னு முடிவாச்சி? கடுதாசியை ரெண்டு தபா படிச்சிட்டேன், கவுன் இருக்குது, பூண்டு இருக்குது, மாடு இருக்குது, சோத்தைக் காணோம்.

வந்து பேசிக்கலாம். ஆவணிக் கடைசி முகூர்த்தத்துக்கு நம்ம ஊர்லயே ஒரு கல்யாணச் சமையல் ஒத்துக்கினு இருக்கேன். லாட்ஜ் போனா போவுது, எனக்கு அதுவே போதும்.

ஜோதி


கீழ்பென்னாத்தூர்
19.9.1999

எழிலரசிக்கு,

நான் வந்து ரொம்ப நாளாச்சி. நீ கவுனை எடுத்துக்கினு வரல.

கல்யாணச் சமையல் எனக்கு இல்லன்னுட்டாங்க. முகூர்த்தத்துக்கு ரெண்டு நாளு இருக்கறப்போ, புளி பருப்பு எண்ணெயெல்லாம் அட்வான்ஸ்ல வாங்கி வீட்ல இறக்கி வச்ச பொறவு, பொண்ணோட அப்பா வந்து திண்டாடிக்கினு நிக்கறாரு. "தப்பா நெனைச்சிக்காதேம்மா, சம்பந்தி வீட்ல ஒத்துக்க மாட்றாங்க. லாட்ஜ்ல நீ ஆக்கின சோறு ஊசிப் போயி அண்டாவோட கொட்டினாங்களாமே"ங்கறாரு. எவன் சொன்னான்னு கேட்டேன். சகாதேவன் சொன்னானாம். அவன் பேச்சை நாய்கூட நம்பாதுன்னேன். அதுக்கு அவரு சொன்னாரு, "அவன் சொன்னா நாங்களும் நம்பியிருக்க மாட்டோம். உனக்கு சாட்சி சொல்லப் போன அந்தப் பொண்ணே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்குதாமே."

அவருக்குக் கதை தலைகீழாத் தெரிஞ்சிருக்கு. உனக்கு சாட்சி சொல்லப் போனவ நானு.

அங்கயே நின்னு கத்தியிருப்பேன். ஆனா என்னான்னு கத்தறது? எனக்கே தெரியாதே. அவரு போன பொறவு பருப்பு மூட்டை மேலயே உக்காந்துக்கினு இருந்தேன்.

நெசமா? நீ போட்டியா? ஆமாவா இல்லையா, ஒரே வரி எழுது. மாட்டைப் பத்தியெல்லாம் எழுதாதே.

ஜோதியம்மாள்


அடி அண்ணாமலை
25.9.1999

அக்கா,

ஆமாம். போட்டேன்.

இன்று பௌர்ணமி. எனக்கு லீவு. அதனால் உட்கார்ந்து முழுதாகவே எழுதிவிடுகிறேன், கிழித்துப் போட்டாலும் சரி. அந்தப் பத்திரத்தில் ஒரு வரி இருந்தது. 'சாதம் கெட்டுப் போயிருந்ததால் கொட்டப்பட்டது, சமையலாளின் கவனக்குறைவே காரணம், இதில் சாதி வேறுபாடு எதுவும் இல்லை.' சகாதேவன் இதைப் பேனாவோடு என் முன்னால் வைத்தார். அதிகாரி தடுத்தார் அக்கா. அதுதான் இன்றுவரை என் தூக்கத்தைக் கெடுக்கிறது. "இந்த வரிக்கு நீ சம்மதிச்சாகணும்னு கட்டாயம் இல்லம்மா. இன்னைக்கே போடணும்னும் இல்ல. வீட்டுக்குப் போயி யோசிச்சிட்டு வா" என்றார். வீட்டுக்குப் போனால் போட மாட்டேன் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. அதனால்தான் அங்கேயே போட்டேன்.

உங்கள் பேர் அதில் இல்லை, சமையலாள் என்றுதானே இருக்கிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்த லாட்ஜில் வேறு எந்தச் சமையலாள்? முதலாளி உங்களைப் பற்றிப் பார்க்கலாம் என்றார் என்று எழுதினேனே, அதுவும் பொய். உங்கள் பேச்சையே நான் எடுக்கவில்லை. இதைப் பற்றி வெளியில் பேசினாலோ, மறுபடி கிளப்பினாலோ வேலை போய்விடும் என்றும் அதில் இருக்கிறது. கவுன் தைத்துத் தயாராக இருக்கிறது. இரண்டு தடவை கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் ஏறி, பாதியில் இறங்கித் திரும்பிவிட்டேன்.

ஆனால் நீங்களும் ஒன்றை யோசித்துப் பாருங்கள். கரண்டியை நானாகக் கேட்டேனா? நீங்கள்தானே கையில் கொடுத்தீர்கள்? உங்களுக்கு அன்று கை வலித்தது, ஆள் வேண்டியிருந்தது, அப்போது என் கை தேவைப்பட்டது. நான் சேர்ந்த புதிதில் சமையல் கட்டில் எனக்கென்று தனி டம்ளரை ஜன்னலில் கவிழ்த்து வைத்தது யார்? முதலாளி வைத்தாரா? எல்லாம் போனால் எனக்கு என்ன இருக்கிறது? உங்களுக்கு மகள் வீடாவது இருக்கிறது.

இதை எழுதியிருக்கக் கூடாது. அடித்துவிட்டால் தெரியாமல் போய்விடுமா என்று பார்த்தேன். தெரியட்டும் என்று விட்டுவிட்டேன்.

எழில்


கீழ்பென்னாத்தூர்
6.10.1999

எழிலுக்கு,

டம்ளர் வச்சது நாந்தான். இல்லன்னா சொல்ல முடியும்? ஆறு மாசம் வச்சேன். அப்புறம் ஒரு நாளு உனக்குக் காபி ஊத்தறப்போ எனக்கே அசிங்கமாப் போச்சி, எடுத்து உள்ள போட்டுட்டேன். உங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. நீயும் கேக்கல. நீ மறந்திருப்பேன்னு நெனைச்சிக்கினேன் பாரு, எனக்குப் புத்தி எங்க போச்சி. எவ மறப்பா?

கரண்டி குடுத்ததும் நெசந்தான். தோள்பட்டை கழண்டுடும்போல இருந்துச்சி, புடின்னேன். உனக்கு நல்லது பண்றேன்னு ஒண்ணும் குடுக்கல. ஆனா அண்டாவைத் தூக்கினப்போ நாந்தான் குறுக்க போய் நின்னேன். அதையும் சேத்துக் கணக்குல வச்சிக்கோ.

நீ எழுதின கடுதாசியை நாலு நாளு அரிசிப் பானையில போட்டு வச்சிட்டேன். அழுதேன், திட்டினேன், அப்புறம் கோவம் கொஞ்சம் கம்மியாச்சி. இப்ப நான் சொல்றதைக் கேளு.

கல்யாணத்துக்கு வாங்கின பருப்பு, புளி, எண்ணெயெல்லாம் வீட்ல அப்படியே கெடக்குது. மூணு வீட்ல கேட்டு அரிசி வாங்கியிருக்கேன். வர்ற ஐப்பசிப் பௌர்ணமிக்கு, சாமிக்கே சோத்தால அலங்காரம் பண்ற நாளு, உங்க அடி அண்ணாமலை ரோட்டோரத்துல அடுப்பு வைக்கப் போறேன். அதே சாம்பார் சாதம். விளக்கு வைக்கிற நேரத்துக்கு எறக்கிடுவேன். உங்க வீட்ல இருந்து கூப்பிடு தூரம். உனக்குத்தான் லீவாச்சே, வா. வந்து உங்கையால போடு. நீ போட்டு நாலு சனம் சாப்பிட்டுட்டுப் போனா ஊருக்கு நான் ஒண்ணும் சொல்ல வேணாம், நீயும் ஒண்ணும் சொல்ல வேணாம்.

கரண்டி ரெண்டு எடுத்துக்கினு வரேன்.

ஜோதி


அடி அண்ணாமலை
27.10.1999

அன்புள்ள ஜோதி அக்காவுக்கு,

வர முடியாமல் போய்விட்டது. நாலு நாளாக நல்ல காய்ச்சல். எழுந்து நிற்க முடியவில்லை. அம்மா வெந்நீர் வைத்துக் கொடுத்துக் கம்பளி போர்த்திப் படுக்கவைத்துவிட்டாள். படுத்தபடியே உங்களைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நல்ல கூட்டம் என்று தம்பி சொன்னான். சாம்பார் சாதம் பிரமாதம் என்று தெருவில் எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள். பூசணிக்காயும் கத்தரிக்காயும் போட்டு, நெய் மணக்க இருந்ததாம்.

சகாதேவன் அன்று கிரிவலம் வந்திருந்தாராம். அதனால் அல்ல, காய்ச்சலால்தான் வரவில்லை. நீங்கள் தப்பாக நினைக்கக் கூடாது. அடுத்த தடவை கட்டாயம் வருவேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். தோள்பட்டைக்குத் தைலம் தடவுங்கள்.

தங்கை எழில்


கீழ்பென்னாத்தூர்
3.11.1999

எழிலுக்கு,

காய்ச்சல் வுட்டுச்சா?

அன்னைக்கி நல்ல கூட்டம்தான். வரிசை உங்க தெரு வரைக்கும் வந்துச்சி. தனியாவே போட்டேன். நெறைய பேரு தலையில துண்டு, முக்காடுன்னு வந்தாங்க, பனி ஆரம்பிச்சிடுச்சில்ல. நான் யாரு மூஞ்சியையும் பாக்கல. சோறு போடறவ மூஞ்சியைப் பாக்கக் கூடாது, இலையைத்தான் பாக்கணும். அதனால இலையைப் புடிச்சிருந்த கையைத்தான் பாத்தேன்.

ஒரு கை நீண்டுச்சி. மணிக்கட்டுல பட்டாணி கணக்கா ஒரு கறுப்புத் தழும்பு. நாந்தானே எண்ணெய் தடவினேன், எனக்குத் தெரியாதா? பேரு சொல்லிக் கூப்பிட வாய் வரைக்கும் வந்துடுச்சி. நாலு பேரு திரும்பிப் பாப்பாங்க, அதுல ஒருத்தன் சகாதேவனா இருப்பான். உன் வேலையை நான் கெடுக்கணுமான்னு வுட்டுட்டேன். எல்லாருக்கும் ஒரு கரண்டி, அந்த இலைக்கு மட்டும் ரெண்டு போட்டேன். கவனிச்சியோ இல்லையோ.

இன்னொரு கரண்டி மூட்டையிலயே இருந்துச்சி. பொழுதுக்கும் எடுக்கல. கழுவ வேண்டிய வேலை மிச்சம்.

எனக்கு உம்மேல கோவம் இல்ல எழிலு. கோவம் இருந்தா நல்லாருக்கும்போல. பொய்க் காய்ச்சலுக்குப் போர்வை வேற போத்திக்கினு எழுதியிருக்கே, அதைப் படிக்கத்தான் சங்கடமா இருந்துச்சி. பூசணிக்காய், கத்தரிக்கா, நெய்யி... எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கே. தெருவுல சொன்னாங்களாக்கும்.

தீபத்துக்கும் அதே எடத்துல அடுப்பு வைக்கிறேன். உன்னைக் கூப்பிடல. ஒண்ணே ஒண்ணு மட்டும் கேக்கறேன். நீ சாப்பிட்டே. உன் வாயால சாப்பிட்டே. ஊசிப் போயிருந்துச்சா?

ஜோதி


அடி அண்ணாமலை
15.11.1999

அக்கா,

ஊசிப் போகவில்லை. சித்ரா பௌர்ணமி அன்றும் ஊசிப் போகவில்லை. கொட்டுவதற்கு முன்னால் நானும் ஒரு வாய் சாப்பிட்டிருந்தேன். அதை விசாரணையில்கூடச் சொல்லவில்லை.

இந்த இரண்டு வரியையும் எழுதி இன்று காலை லேபர் ஆபீசில் கொடுத்துவிட்டேன். நான் கையெழுத்துப் போட்ட வரி பொய் என்றும், அன்று சமைத்தவர் ஜோதியம்மாள், அவர் மேல் குற்றம் இல்லை என்றும் உங்கள் பேர் போட்டே எழுதினேன். அதே அதிகாரிதான் இருந்தார். "இதனால உன் வேலை போயிடலாம், தெரியுமில்ல? வீட்டுக்குப் போயி யோசிச்சிட்டு வரியா?" என்று கேட்டார். வீட்டில் யோசித்துவிட்டுத்தான் வந்தேன் என்றேன்.

மத்தியானம் லாட்ஜுக்குப் போய் முதலாளியிடமும் நானே சொல்லிவிட்டேன். மற்ற பெண்கள் எல்லோரும் அங்கே நின்றிருந்தார்கள். அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. சாவிக்கொத்தை மேசை மேல் வைத்துவிட்டுப் போ என்றார். வைத்துவிட்டு வந்தேன். அந்தக் கல்யாணப் பெண் வீட்டுக்காரர் பேர் மட்டும் எனக்குத் தெரியாது, எழுதுங்கள். நேரில் போய்ச் சொல்ல வேண்டும். கல்யாணம் முடிந்துவிட்டது, சொல்லி உங்களுக்கு என்ன ஆகப் போகிறது என்று அப்பா கேட்கிறார். எனக்கும் தெரியவில்லை. நான் செய்ததை இதெல்லாம் சரிக்கட்டிவிடாது என்பது மட்டும் தெரிகிறது.

கவுனைத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். குழந்தைக்கு இந்நேரம் சின்னதாகியிருக்கும்.

தீபத்தன்று அடுப்புக்கு வருவேன். முக்காடு போட மாட்டேன். நீங்கள் கூப்பிடவில்லை என்பது நினைவிருக்கிறது. கரண்டியைக் கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் இஷ்டம்.

எழிலரசி